குளிரில் அல்ல, பசியில் சாகும் தேனீக்கள்: பனிக்காலத்தில் தேன்பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மார்ச் மாதம். கனடாவின் மனிடோபா, அமெரிக்காவின் மினசோட்டா மாதிரியான பகுதிகளில் பனி லேசாக உருகத் தொடங்கும் நேரம். நாலைந்து மாதமாக மூடியே கிடந்த தேன்பெட்டியை வளர்ப்பவர் திறக்கிறார். உள்ளே சத்தமே இல்லை. அடையின் நடுவில், கையகல இடத்தில், தேனீக்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி செத்துக் கிடக்கின்றன. பல தேனீக்களின் தலை காலி அறைகளுக்குள் புதைந்திருக்கிறது. பின்பக்கம் மட்டும் வெளியே தெரிகிறது. கடைசிச் சொட்டுத் தேனைத் தேடியபடியே உயிர் போயிருக்கிறது.

கொடுமை என்னவென்றால், அங்கிருந்து நாலு விரல்கடை தள்ளி, அடுத்த சட்டத்தில், மெழுகு மூடி போட்ட தேன் அப்படியே முழுசாக இருக்கிறது.

பார்க்கிறவர்கள் 'குளிர் தாங்காம செத்துப்போச்சு' என்றுதான் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். குளிர் அந்தத் தேனீக்களை நகரவிடாமல் கட்டிப்போட்டது, கொன்றது பசி. குளிர்நாடுகளில் தேனீ வளர்ப்பவர்கள் ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை செய்யும் அத்தனை வேலையும் இந்த ஒரு காட்சியைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான்.

மைனஸ் 30 டிகிரியில் எப்படி உயிரோடு இருக்கின்றன?

பெரும்பாலான பூச்சிகள் குளிர்காலத்தை முட்டையாகவோ, கூட்டுப்புழுவாகவோ, அசைவில்லாமல் உறங்கியோ கடக்கின்றன. தேனீ தூங்குவதில்லை. குளிர்காலம் முழுக்க விழித்தே இருக்கிறது.

தனித் தேனீயால் குளிரைத் தாங்க முடியாது. உடல் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே கை கால் மரத்து விழுந்துவிடும். அதனால் வெளியே குளிர் கூடக் கூட, கூட்டத்தில் உள்ள தேனீக்கள் நெருங்கி ஒரு பந்து போலத் திரண்டுவிடுகின்றன. கோடையில் 40, 50 ஆயிரம் தேனீக்கள் இருந்த பெட்டியில் இப்போது 10 முதல் 20 ஆயிரம் வரைதான் இருக்கும். நடுவில் ராணி. ஆண் தேனீக்கள் கிடையாது. இலையுதிர் காலத்திலேயே வேலைக்காரத் தேனீக்கள் அவற்றை வாசலுக்கு இழுத்துப் போய் வெளியே தள்ளிவிடும். வேலை செய்யாத வாய்களுக்குக் குளிர்காலத்தில் சாப்பாடு இல்லை!

பந்தின் வெளி அடுக்கில் இருப்பவை தலையை உள்பக்கமாக வைத்து நெருக்கியடித்து நிற்கும். உள்ளே இருப்பவை பறக்கப் பயன்படும் தசைகளை, இறக்கையை அசைக்காமலேயே, நடுங்க வைத்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முறுக்குவது மாதிரி. வெளியே மைனஸ் 30 டிகிரியாக இருந்தாலும் பந்தின் வெளி ஓரத்தில் 10 டிகிரிக்குப் பக்கத்திலும், நடுவில் 20 டிகிரிக்கு மேலும் இருக்கும். ராணி முட்டையிடத் தொடங்கிவிட்டால் நடுப்பகுதி 34, 35 டிகிரியில் இருந்தே ஆக வேண்டும்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தேனீக்கள் பெட்டியைச் சூடாக்குவதில்லை. தங்களை மட்டும்தான் சூடாக வைத்துக்கொள்கின்றன. பந்துக்கு ஒரு சாண் தள்ளி பெட்டிக்குள்ளேயே உறைகுளிர் இருக்கலாம்.

இந்தத் தேனீக்களே வேறு ரகம். கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீ சுமார் ஆறு வாரம் உயிரோடு இருக்கும். இலையுதிர் காலத்தில் பிறப்பவை ஆறு மாதம் வரை தாக்குப்பிடிக்கும். இவற்றின் உடலில் கொழுப்பும் புரதமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். குளிர்காலம் முடிந்ததும் அடுத்த தலைமுறைக்கு ஊட்டுவதற்கான முதல் இருப்பு அதுதான்.

ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ தேன்?

நடுங்குவதற்கு எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருள் தேன். அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஒரு பெட்டிக்கு 30 முதல் 40 கிலோ தேன் இருப்பில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தென் மாநிலங்களில் இதில் பாதி போதும்.

இதைத் தெரிந்துகொள்ளப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அனுபவசாலிகள் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்ப்பார்கள். தரையில் ஆணி அடித்தது மாதிரி அசையாமல் இருந்தால் நல்லது. சுலபமாக மேலே வந்தால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம். தராசு வைத்து எடை பார்ப்பவர்களும் உண்டு.

இருப்பு குறைவாக இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் சர்க்கரை வருகிறது.

தேனை எடுத்துக்கிட்டு சர்க்கரையைக் கொடுப்பது நியாயமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். தேன் முழுவதையும் வழித்து எடுத்துவிட்டு, வெறும் சர்க்கரைப் பாகை நம்பிக் கூட்டத்தைக் குளிருக்குள் அனுப்புபவர்களை மற்ற வளர்ப்பாளர்களே நல்லவிதமாகப் பேசுவதில்லை. ஆனால் மழை பொய்த்து, பூக்கள் குறைந்து, தேனீக்களே போதிய அளவு சேர்க்க முடியாமல் போகும் வருடங்களும் உண்டு. அப்போது சர்க்கரை இல்லையென்றால் சாவுதான்.

பாகிலும் ஒரு கணக்கு

இலையுதிர் காலத்தில் கொடுக்கும் பாகு கெட்டியாக இருக்க வேண்டும். எடைக்கு எடை, இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். காரணம் எளிது. தேனீக்கள் பாகை அப்படியே வைக்காது. இறக்கையால் விசிறி, ஈரத்தை 18 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்து, பிறகுதான் மெழுகால் மூடும். தண்ணீர் அதிகம் என்றால் அதை வற்றவைக்க உழைப்பும் நேரமும் அதிகம். குளிர் நெருங்கும் நேரத்தில் இரண்டுமே கையில் இல்லை.

ஒன்றுக்கு ஒன்று கலந்த நீர்த்த பாகு வசந்த காலத்துக்கு உரியது. அது பூந்தேன் வரத்து மாதிரி இருப்பதால், ராணி முட்டையிடுவது கூடும். அதையே அக்டோபரில் கொடுத்தால் தவறான நேரத்தில் தவறான சிக்னல் கொடுத்தது போலாகிவிடும்.

வெள்ளைச் சர்க்கரைதான் வேண்டும். நம்மூரில் உடம்புக்கு நல்லது என்று நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி என்று தேடிப் போவோம். தேனீக்குக் குளிர்காலத்தில் அதெல்லாம் விஷம் மாதிரி. ஏன்? தேனீக்கள் பெட்டிக்குள் மலம் கழிப்பதில்லை. வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் அடக்கிக்கொண்டு, கொஞ்சம் வெயில் அடிக்கும் நாளில் வெளியே பறந்து போய்த்தான் கழிக்கும். அந்த நாளில் பெட்டியைச் சுற்றியுள்ள பனியில் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வளர்ப்பவருக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வெல்லத்திலும் பழுப்புச் சர்க்கரையிலும் செரிக்காத கழிவு அதிகம். வெளியே போக முடியாத தேனீயின் வயிறு நிரம்பினால், பேதியாகிப் பெட்டிக்குள்ளேயே அசுத்தமாகிவிடும். அது நோய்க்கு வாசல்.

கடையில் வாங்கிய தேனைக் கொடுப்பதும் ஆபத்துதான். புழுக்களை அழுக வைக்கும் பாக்டீரியா நோய் ஒன்றின் விதைகள் தேனில் பல வருடங்கள் உயிரோடு இருக்கும். யாருடைய பெட்டியில் எடுத்த தேன் என்றே தெரியாமல் ஊற்றுவது, நோயைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

அப்படியானால் நாம் சாப்பிடும் தேனில் இந்தச் சர்க்கரைப் பாகு கலந்திருக்குமா? முறையாகச் செய்பவர்கள் விற்பனைக்கான தேன் அறைகளைக் கழற்றி எடுத்த பிறகுதான் பாகு வைப்பார்கள். பூ வரத்து இருக்கும்போது, தேன் அறையும் மேலே இருக்கும்போது பாகு ஊற்றினால் அதற்குப் பெயர் கலப்படம்.

நடுக் குளிரில் இருப்பு தீர்ந்தால்?

வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் பாகு வைத்துப் பயனில்லை. குளிர்ந்த பாகைத் தேனீக்கள் தொடாது. பாகிலிருந்து வரும் ஈரமும் பெட்டிக்குள்தான் சுற்றும். அதன் பிறகு திடச் சர்க்கரைதான். சட்டங்களின் தலைமேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அதில் சர்க்கரையைக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். சிலர் சர்க்கரையைக் காய்ச்சிக் கட்டியாக்கிப் பலகை போல வைப்பார்கள். பந்து எப்போதும் கீழிருந்து மேலே நகர்ந்தபடி சாப்பிடும் என்பதால், தலைக்கு மேல் இருக்கும் உணவு கைக்கு எட்டும். பக்கவாட்டில் இருப்பது எட்டாது. முதலில் பார்த்த அந்தச் செத்த கூட்டத்துக்கு நடந்தது இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், உக்கிரமான ஜனவரிக் குளிரைத் தாண்டிய கூட்டங்கள் பல சாவது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான். ராணி மறுபடி முட்டையிடத் தொடங்கியிருக்கும். புழுக்களுக்காக நடுப்பகுதியை 35 டிகிரியில் வைக்க வேண்டும். தேன் செலவு மளமளவென்று ஏறும். வெளியே ஒரு பூகூட மலர்ந்திருக்காது. புழுக்களை விட்டு நகரவும் மனம் வராமல் பந்து அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் நான்கு நாள் கடுங்குளிர் அடித்தால் போதும்.

போர்வை போர்த்தினால் போதாதா?

போர்த்தத்தான் செய்கிறார்கள். கறுப்புத் தார் பேப்பர் சுற்றுவது பழைய முறை. அது குளிரைத் தடுப்பதைவிடக் காற்றைத் தடுக்கும். கறுப்பு என்பதால் பகல் வெயிலைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். இப்போது தெர்மாகோல் வகைப் பலகைகள், நுரை வைத்துத் தைத்த உறைகள், தெர்மாகோலிலேயே செய்த பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன. வடக்குப் பக்கம் வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் காற்றை மறைப்பவர்களும் உண்டு. பெட்டி மேல் விழுந்து மூடும் பனியே நல்ல போர்வைதான். வாசல் அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த வாசலையும் சின்னதாக்கி எலி நுழையாத தகடு வைத்துவிடுவார்கள். கதகதப்பும் தேனும் இருக்கும் இடத்தை எலி விடுமா?

ஆனால் புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு, போர்த்துகிறேன் என்று பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவது. ஏனென்றால் குளிரைவிட மோசமான எதிரி ஒன்று உள்ளேயே உற்பத்தியாகிறது: ஈரம்.

ஒரு கிலோ தேனைத் தேனீக்கள் எரித்தால், தேனில் ஏற்கெனவே இருந்த நீரும் சர்க்கரை எரிவதால் உண்டாகும் நீரும் சேர்ந்து முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் மூச்சுக்காற்றில் ஆவியாக வெளிவரும். குளிர்காலத்தில் 20 கிலோ தேன் செலவானால் ஒரு குடம் தண்ணீர்! அந்தச் சூடான ஈரக்காற்று நேரே மேலே போய், குளிர்ந்த மூடியில் பட்டு, துளித்துளியாகத் திரண்டு, கீழே இருக்கும் பந்தின் தலையிலேயே சொட்டும். உலர்ந்த தேனீ எந்தக் குளிரையும் சமாளிக்கும். நனைந்த தேனீக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அதனால்தான் காப்பு போடும்போது முதலில் கவனிக்க வேண்டியது மூடி. பக்கச் சுவர்கள் அடுத்ததுதான். மூடிக்குக் கீழே தடிமனான தெர்மாகோல் இருந்தால் அங்கே நீர் திரளாது. பக்கச் சுவரில் திரண்டு ஓரமாக வழிந்துவிடும். தேனீக்கள் தாகத்துக்கு அதையே குடித்தும் கொள்ளும். சிலர் சட்டங்களுக்கு மேல் மரச்சீவல் நிரப்பிய துணிப் பெட்டி ஒன்றை வைப்பார்கள். சீவல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக்காற்று வெளியேற மேல்பக்கம் சின்ன ஓட்டை விட வேண்டும் என்று ஒரு தரப்பு. அது புகைபோக்கி மாதிரி சூட்டையும் சேர்த்து வெளியேற்றிவிடும் என்று இன்னொரு தரப்பு. இந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

இதில் 2023-ல் பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரெக் மிட்செல் ஒரு புதிய வாதத்தைக் கிளப்பினார். பந்தின் வெளி அடுக்குத் தேனீக்கள் உள்ளே இருப்பவைக்குப் போர்வை போலச் செயல்படுகின்றன என்பதுதான் நூறு வருடத்துக்கும் மேலான நம்பிக்கை. அது தவறு, நெருங்கி நிற்கும்போது வெப்பம் இன்னும் சுலபமாக வெளியே கடத்தப்படுகிறது, பந்தாகத் திரள்வது சுகமான ஏற்பாடு அல்ல, தவிப்பின் அடையாளம் என்றார் அவர். தேனீக்கள் இயற்கையில் வாழும் மரப்பொந்தின் சுவர் சுமார் 15 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். 1852-ல் லாங்ஸ்ட்ராத் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழியில் இன்றும் செய்யப்படும் பெட்டியின் பலகை சுமார் 19 மில்லிமீட்டர். அதாவது நாம்தான் அவற்றை மெல்லிய சுவருக்குள் குடிவைத்துவிட்டு, 'தேனீ குளிரைத் தாங்கும்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். மிட்செலின் கருத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் 19 மில்லிமீட்டர் என்ற கணக்கை யாராலும் மறுக்க முடியாது.

குளிர் குறைந்தாலும் தொல்லை

பூமி சூடாகிறதே, தேனீக்களுக்கு நல்லதுதானே? இல்லை. இலையுதிர் காலம் நீண்டு வெதுவெதுப்பாக இருந்தால், தேனீக்கள் பூவே இல்லாத வெளியில் பறந்து திரிந்து உடம்பைத் தேய்த்துக்கொள்கின்றன. ஆறு மாதம் வாழ வேண்டியவை முன்கூட்டியே கிழடாகிவிடுகின்றன. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியை வைத்து வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எச்சரித்தது. அவர்கள் சொன்ன தீர்வுகளில் ஒன்று விநோதமாகத் தோன்றும்: தேனீக்களைக் குளிர்பதனக் கிடங்கில் வைப்பது.

கனடாவில் இது பல வருடப் பழக்கம். நவம்பரில் ஆயிரக்கணக்கான பெட்டிகளை இருட்டான கிடங்கில் அடுக்கி, 4, 5 டிகிரியில், காற்றோட்டத்தோடு வைத்துவிடுவார்கள். பந்து கலையவும் கலையாது, நடுங்கி நடுங்கித் தேனைத் தீர்க்கவும் தீர்க்காது. அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்கு சேமித்த கிடங்குகளே தேனீக் கிடங்குகளாகியிருக்கின்றன. அங்கிருந்து ஜனவரி கடைசியில் லாரி லாரியாகக் கலிஃபோர்னியா பாதாம் தோட்டங்களுக்குப் போகும். பிப்ரவரியில் பாதாம் பூக்கும்போது தேனீ இல்லையென்றால் காய்ப்பு இல்லை.

அந்தப் பாதாம் பூக்கும் நேரத்தில்தான் 2025-ல் அதிர்ச்சி வந்தது. அமெரிக்காவில் வணிக ரீதியாக வளர்ப்பவர்கள் முந்தைய ஜூன் மாதத்திலிருந்து சராசரியாக 62 சதவீதக் கூட்டங்களை இழந்திருந்தார்கள். செத்த கூட்டங்களை ஆராய்ந்த அந்நாட்டு வேளாண் துறை ஆய்வாளர்கள் கைகாட்டியது குளிரை அல்ல. வர்ரோவா என்ற உண்ணி பரப்பும் வைரஸ்களை. அந்த உண்ணிகள் வழக்கமான மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறியிருந்தன.

உண்ணிக்கும் குளிர்காலத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வர்ரோவா தேனீயின் கொழுப்புத் திசுவைத்தான் முக்கியமாகத் தின்கிறது என்று சாமுவேல் ராம்சே தலைமையிலான குழு 2019-ல் காட்டியது. குளிர்காலத் தேனீயை ஆறு மாதம் வாழவைப்பதே அந்தக் கொழுப்புதான். ஆகஸ்டில் உண்ணியைக் கட்டுப்படுத்தாமல் விட்டுவிட்டு, அக்டோபரில் எவ்வளவு சர்க்கரை ஊற்றினாலும், நவம்பரில் எவ்வளவு தெர்மாகோல் சுற்றினாலும் பலன் கிடைக்காது. பெட்டி சூடாக இருக்கும், தேன் நிறைய இருக்கும், தேனீ இருக்காது.

இந்தியாவில் எப்படி?

இமயமலைக் கிராமங்களில் காப்பு என்பது வீட்டோடு சேர்ந்தே வந்தது. காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் பகுதிகளில் வீடு கட்டும்போதே தடிமனான சுவருக்குள் ஒரு பொந்து விட்டுக் கட்டுவார்கள். வெளிப்பக்கம் தேனீக்குச் சின்ன வாசல். உள்பக்கம், அறையிலிருந்து திறக்க ஒரு பலகை. நம் நாட்டுத் தேனீ குடும்பத்தோடு குடும்பமாகக் குளிர்காலத்தைக் கழித்துவிடும். மிட்செல் பேசும் மரப்பொந்துக்குப் பக்கத்தில் வரும் ஏற்பாடு இது. 1962-ல் நக்ரோட்டாவில் அறிமுகமான இத்தாலியத் தேனீயோ பெட்டியில் வாழ்வது. அதை வளர்க்கும் காஷ்மீரிகள் பலர் குளிர் தொடங்கியதும் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ராஜஸ்தான், பஞ்சாப் கடுகு வயல்களுக்கு இறங்கிவிடுகிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்துக்கு வந்தால் கணக்கே தலைகீழ். இங்கே குளிர்காலம் முடியும் நேரம்தான் வரவு. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீக்கள் அள்ளும். பட்டினி வருவது ஜூன் மாதத்துக்குப் பிறகு, மழையோடு. வெளியே பறக்க முடியாது, பறந்தாலும் பூவில் ஒன்றும் இருக்காது. அப்போது கவனிக்காவிட்டால் கூட்டம் பெட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடும். நாட்டுத் தேனீக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அதனால் வாரத்துக்கு ஒரு பெட்டிக்குச் சுமார் 200 கிராம் சர்க்கரை, சம அளவு தண்ணீரில் கரைத்து வைக்கிறார்கள். இங்கே குளிரில்லை, வற்றவைத்துச் சேமிக்கும் அவசரமும் இல்லை; அன்றாடச் சாப்பாட்டுக்கு நீர்த்த பாகு போதும். பாத்திரம்? பெரும்பாலும் ஒரு தேங்காய்ச் சிரட்டை. உள்ளே தேனீ விழுந்து மூழ்காமல் இருக்கப் பாகில் நாலு குச்சி. சாயங்காலம் வைத்தால் பக்கத்துப் பெட்டிக்காரத் தேனீ திருட வராது. பெட்டியின் காலடியில் எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம்.